காயப் பதிவேடு

பதினைந்து நிமிடத்துக்காக
ஒற்றைக் காலில் நின்றேன், கேப்டன் ஹர்யுலாவின் மேசை முன்னால்.
"சண்டைக்குத் தயார் செய்கிறேன் மேடம்,
சர்க்கஸுக்கு இல்லை" என்றார்.
அவர் தலையசைத்தபோது இரண்டு குளிர்காலம் போயிருந்தது.

இப்போது நூற்றுப் பன்னிரண்டு பேர்
காயானிக்கு வடக்கே, விடியாத காலை ஆறு மணிக்கு,
நிஜமாகவே ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
உள்ளே ரப்பர் நெடி, ஈரக் காலுறை நெடி,
காலடியில் ஆடும் பலகை.
கண்ணை மூடுங்கள் என்கிறேன்.
மூடியதும்
கூடம் முழுக்கக் கணுக்கால்கள் பேசத் தொடங்குகின்றன:
ஒரு நடுக்கம், ஒரு திருத்தம்,
திருத்தத்துக்கு இன்னொரு திருத்தம்.

பெட்டி மேலிருந்து குதி.
இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது.
முட்டி உள்ளே சாயாதே, கால்விரலுக்கு நேரே வை.
கேட்டது, தானெலி.
மூட்டையைப் போட்ட மாதிரி.

தானெலி வானொலிப் பெட்டி சுமப்பவன்.
இங்கே வருமுன் மீன் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
"தசை வளர்க்கத்தானே வந்தோம்" என்று முனகுவான்.
தசை உனக்கு இருக்கிறது தம்பி,
அதற்குச் சேதிதான் தாமதமாகப் போகிறது.

பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாம் கம்பெனி.
அவர்களுக்குப் பழைய வழக்கமே: மைதானத்தைச் சுற்றி ஓட்டம்,
நாலு தரம் கையைச் சுழற்றல்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் சும்மா இருக்க வேண்டும்,
அது ஆய்வின் நியாயம்.
கம்பளித் தொப்பிக்குள் இரண்டு சீட்டு போட்டோம்.
எடுத்த கை என்னுடையது.

ஐந்தாவது வாரம், இரண்டாம் கம்பெனியின் ஆர்ட்டூ
லாரியிலிருந்து இறங்கினான்.
அவ்வளவுதான்.
குண்டில்லை, எதிரியில்லை.
முதுகில் இருபத்தெட்டு கிலோ,
கீழே மிதிபட்டு இறுகிய பனி,
முட்டிக்குள் கயிறு அறுந்த சத்தம்.
பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டதாம்.
எழுதினேன்: இடது முழங்கால். பணி நேரம். யாரும் மோதவில்லை.
எழுதி முடித்தும் பேனாவை மூடவில்லை, கொஞ்ச நேரம்.

ஊன்றுகோலோடு ஊருக்குப் புறப்பட்டவன் கேட்டான்:
"அந்தக் குதிக்கிற விளையாட்டு எங்களுக்கு ஏன் இல்லை?"
கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.
தொப்பியைப் பற்றிச் சொன்னேன். சிரித்தான்.
நானும் சிரித்திருக்கலாம்.

எங்கள் பக்கமும் ஒன்றும் சுத்தமில்லை.
கண்ணை மூடி ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும் ஹில்லா
விடுப்பில் போய், சௌனாப் படியில் வழுக்கி,
கணுக்காலைத் திருகிக்கொண்டு வந்தாள்.
பணி நேரம் இல்லை, கணக்கில் வராது.
வந்திருந்தால் என் எண்கள் கொஞ்சம் நொண்டியிருக்கும்.

பிப்ரவரிக் கடைசியில் இரவுநடை.
எல்லோருக்கும் பின்னால் நான், நெற்றி விளக்கோடு.
எனக்கு முன்னே தானெலி, தோளில் அந்தப் பெட்டி,
வாயில் வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பின் பெருமை.
பனிக்கடியில் ஒரு வேர்.
வலது கால் போனது.
முட்டி உள்ளே சாயத் தொடங்கியது,
ஆர்ட்டூவுக்கு எக்ஸ்ரே அறையில் நான் வரைந்து காட்டிய
அதே கோணம்.
என் தொண்டைக்கு அவன் பெயர் ஏறுவதற்குள்
இடுப்பு அதை வாங்கிக்கொண்டது,
இடுப்பிடமிருந்து முதுகு வாங்கிக்கொண்டது,
மறு கால் இறங்கியது.
சத்தமே இல்லை.
பேச்சும் அறவில்லை.
"கடுகு மட்டும் கொஞ்சம் தூக்கலாய்ப் போடணும்"
என்று முடித்தான், முன்னால் போகிறவனிடம்.
நடந்தது அவனுக்கே தெரியாது.

கூடாரத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி. பெயர். உறுப்பு. காரணம். எத்தனை நாள் ஓய்வு.
விழாதவனை எழுத அதில் கட்டமில்லை.
பேனா மை உறைந்திருந்தது.
உள்ளங்கையில் உருட்டி உருட்டி இளக்கினேன்.
தேதியை மட்டும் எழுதினேன்.