மீசைக்கும் சேர்த்து

ஓஸ்த்ராவாவில், ஐந்தாவது மாடியில்,
சோப்போடு ஒத்துப்போகாத தண்ணீர்.
யரோமீரின் வலக்கை மாவுக்கட்டில்.
பிரஷ் முதன்முறையாக என்னிடம்.

நனைத்தேன், சுழற்றினேன்.
பாத்திரம் கழுவும் நுரைதான் வந்தது:
பெரிய பெரிய குமிழ், உள்ளே ஒன்றுமில்லை.
கன்னத்தில் வைத்ததும்
கழுத்து வழியே பனியனுக்குள் இறங்கிவிட்டது.
"தண்ணீர் ஜாஸ்தி, போஜேனா."
இருபத்திரண்டு வருஷத்தில்
அவன் என்னிடம் சொன்ன
மிக நுணுக்கமான வாக்கியம்.

உதறினேன். கண்ணாடி முழுக்கப் புள்ளி.
பாதி உலர்ந்த பிரஷ்ஷால்
சோப்பை மட்டும் வழித்தெடுத்து
கிண்ணத்தில் ஒரு சொட்டு, சுற்று,
இன்னொரு சொட்டு, சுற்று, சுற்று
மணிக்கட்டு கடுக்கத் தொடங்கியபோது
சத்தம் மாறியது.
சளசளப்பு போய்
புதுப்பனியில் பூட்ஸ் அமிழும் ஓசை.
தூக்கிப் பார்த்தேன்:
கெட்டித் தயிராய் மூக்கை நீட்டி நின்றது,
விழவில்லை.

தாடை. கன்னம். காதோரம்.
கீழே ட்ராம் கிறீச்சிட்டுத் திரும்ப
கண்ணை மூடிக்கொண்டான்.

மீசைமேலும் பூசினேன்,
தாராளமாக.
கண் திறந்தது.
"அது வேண்டாம்."
ரேசரைத் தண்ணீரில் தட்டினேன்.
கல்யாணப் போட்டோவிலிருந்தே
எனக்குப் பிடிக்காத மீசை.

"பேசாதே," என்றேன்,
"நுரை வாய்க்குள் போகும்."