நாலரை மணி வெயில்

யூனிஸ்,
நான் ஐஸ் விற்கிறவன்.
பார் ஒன்றுக்கு இவ்வளவு என்று
செல்லூர்ச் சந்துக்குள் குளிரை அறுத்துக் கொடுப்பவன்.
உப்புத் தொட்டியில் மைனஸ் பத்து நிற்கிறதா என்று
கையை விடாமலே சொல்லிவிடுவேன்.
அந்தத் திமிரில்தான் விமான நிலையத்தில்
உனக்கு வகுப்பெடுத்தேன்:
காதை மூடு, ரெண்டு சாக்ஸ் போடு.

இருட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு அது தெரியாது.

நவம்பர் கடைசியில் நீ சொன்னாய்:
"சூரியன் லீவு போட்டுட்டுப் போயிருச்சு.
ஜனவரிலதான் டூட்டிக்கு வருமாம்."
சிரித்தோம்.
டிசம்பரில் சிரிக்கவில்லை.
உன் மதியம் பன்னிரண்டு, என் மாலை நாலரை.
உன் ஜன்னலில் நீல மசி.
தொண்ணூற்றொரு வயதுக் கிழவருக்கு
மீசை திருத்திவிட்டு வந்து உட்கார்ந்து
நீ பேசாமல் இருப்பாய்.
ஐஸ் பாருக்கு நடுவில் வெள்ளையாக
ஒரு நரம்பு ஓடுமே,
வெளியேற வழியில்லாத காற்று அது.
அந்த மாதம் உன் குரல் அப்படி.

என்ன செய்வதென்று தெரியாமல்
மொட்டைமாடிக்கு ஏறிப்
போனைத் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து
சூரியனைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
உன் பக்கம் திரை வெறும் வெள்ளை.
"எடுக்காதீங்க" என்றாய்.
"இன்னும் கொஞ்ச நேரம்."
வற்றல் அள்ள வந்த பக்கத்து மாடி மும்தாஜ் அக்கா
யாருக்குத் தம்பி காட்டுறீங்க என்றார்.
வெயில் கேட்டாங்க அக்கா.
மதுரைல வெயில் கேட்கவும் ஆளிருக்கா என்று
முறத்தால் முகத்தை மறைத்துச் சிரித்தார்.
பழைய போன்.
பதினோராவது நிமிடம் சூடாகி அணைந்துவிடும்.
ஐஸ் பார்மேல் துணி விரித்து அதைக் கிடத்தி
உயிர் வரக் காத்திருப்பேன்.
மழை மூடிய நாட்களுக்கு
உன் பெயரில் பாக்கி எழுதினேன்.

ஜனவரியில் மலை விளிம்பில்
ஆரஞ்சுச் சுளை அளவு வந்ததாம்.
முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் ஜாம் பன்.
மீசைக்காரர் அழுதாராம்.
நீ அழுதாயா என்று கேட்டேன்.
"எனக்கு டூட்டி இருந்துச்சு."

பிறகும் பனி. மார்ச்சிலும் பனி.
வெளிச்சம் வந்தால் வசந்தம் வந்துவிடும் என்றது
என் அவசரம்.

இங்கே பங்குனி.
புங்கமரம் ஒரே வாரத்தில்
செம்பாய் மினுங்கிப் பச்சையாகிவிட்டது.
வேப்பம்பூ வண்டித் தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கிறது.
ஜிகர்தண்டாக் கடை, சர்பத் வண்டி, மீன் மார்க்கெட்,
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிர் வேண்டும்.
எனக்கு வசந்தம் என்றால் ஆர்டர் நோட்டு.

அந்த நெரிசலில்தான் நேற்று கூப்பிட்டாய்.
சாப்பிட்டீங்களா இல்லை, ஒன்றுமில்லை.
"கேளுங்க."
போனைக் கூரை விளிம்புக்கு நீட்டினாய்.
ஒரு சொட்டு.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
பிறகு தாளம் தப்பிப் பல.
ஐந்து மாதம் தொங்கிய பனி
தகரத்தில் விழுந்து விழுந்து
தண்ணீர் என்று தன் பேரைச் சொல்லிப் பார்க்கிறது.

நான் நின்ற இடத்திலும்
இறக்கி வைத்த நாற்பது பார்
உமிக்குள் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.
எது உன் ஊர்ச் சொட்டு, எது என் நஷ்டம்?
பிரிக்கத் தெரியவில்லை.
வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
உருகட்டும்யா என்றேன்.
இருபது வருடத் தொழிலில்
என் வாயில் முதல் தடவை அந்தச் சொல்.

அப்போதுதான் நீ அழுதாய்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுத்த கவலைக்கும் போனாய்:
"மே மாசம் சூரியன் மறையவே மறையாதாம்.
நைட் டூட்டி முடிச்சுட்டு எப்படித் தூங்குறது?
அப்ப கொஞ்சம் இருட்டு அனுப்புங்க."

அதற்கென்ன.
கோடைக்குச் செல்லூரில் இருட்டுப் பஞ்சமில்லை.
டிரான்ஸ்பார்மர் வெடித்த ராத்திரிகளில்
கம்ப்ரசர் மூச்சு நின்று
அமோனியா நெடியோடு நான் உட்கார்ந்திருக்கும் இருட்டு
சுத்தமான சரக்கு.
கரண்ட் போனதும் கூப்பிடுகிறேன்.
முகத்தைத் தேடாதே.
திரை கறுப்பாய் இருந்தால்
அது நான்தான்.

வெயில் பாக்கி மட்டும்
பதினேழு நிமிடம் நோட்டில் நிற்கிறது.
அதை அனுப்புவதாய் இல்லை.
வந்து வாங்கிக்கொள்.