பத்துக்கு எத்தனை

முதலில் கண்டுபிடித்தது பின் வாங்குக் கவிரதன்.
"ரீச்சர், உங்கட எழுத்து
கீழ இறங்கிக்கொண்டு வருது."
திரும்பிப் பார்த்தேன்.
கரும்பலகையின் மேற்பாதி
மாசியிலிருந்து கறுப்பாகவே கிடந்திருக்கிறது.
முக்கோணிகள் எல்லாம்
என் இடுப்பளவில் குந்தியிருந்தன.

கன்னியாவுக்குப் போனோம்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
வாளியைத் தூக்க எனக்கு ஏலாது,
மச்சாள் பவளராணிதான் ஊற்றினாள்.
ஆறாவது கிணற்றில்
தோள் கொஞ்சம் சொல்வழி கேட்டது.
பஸ் ஏறமுதல் பழையபடி.

பிறகொரு வெள்ளிக்கிழமை கோணேசர் மலையில்
இராவணன் வெட்டை எட்டிப் பார்த்தேன்.
இருபது தோள் இருந்த ஆள்.
ஒன்று பிசகினால்
மற்றப் பத்தொன்பதும் வேலை பார்த்திருக்கும்.
எனக்கு இரண்டு. போனது வலது.

நஸ்ரின் ரீச்சர் தன் சீட்டை
எனக்கு முதல் விட்டுத் தந்தாள்.
கொடி வங்கியில் படுத்தது.
அங்கத்தைய ஒரு ரூபாய்க்கு எங்கட மூன்றரை:
இந்தப் பெருக்கலைப்
பலகை இல்லாமலே செய்தேன்,
இரவு பஸ்ஸில், ஹபரணை வரைக்கும்.

சென்னையில் ஆட்டோக்காரர் கேட்கிறார்,
"கேரளாவா மேடம்?"
தமிழ்தான் பேசினேன்.
பெயர்ப்பலகை எல்லாம் வாசிக்கத் தெரிந்த
வெளிநாடு அது.
வாசிக்கத் தெரிந்ததாலேயே
எதையும் விசாரிக்கக் கூச்சம்.

டாக்டருக்கு என் மகனின் வயது.
"வலிக்குதாம்மா?"
வலி இல்லை டாக்டர், உளையுது.
"அப்படின்னா?"

அப்படியென்றால்,
மழைக்கு முதல்நாள் உட்துறைமுகத்தில்
கட்டிவைத்த வள்ளங்கள்
ஒன்றையொன்று உரசுமே,
கயிறும் அறாது, சத்தமும் பெரிசில்லை,
விடிய விடிய.
அது.

அவர் எழுதவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

இருபத்தெட்டு வருசம்
மற்றவைக்குப் புள்ளி போட்டவள் நான்.
விடை பிழைத்தாலும் செய்கை சரியென்றால்
அரைப் புள்ளி கொடுக்காமல் விட்டதில்லை.
என் நோவுக்குப் போடத் தெரியாமல் முழித்தேன்.
பவளராணி காதுக்குள்,
"எட்டு எண்டு சொல்லு.
ஏழு எண்டால் குளிசையோட அனுப்பிப்போடுவாங்கள்."
எட்டு என்றேன்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்தவர் சொன்னார்,
"ஒன்பதே சொல்லியிருக்கலாம்மா.
பந்து தேஞ்சு, எலும்போட எலும்பு."

கோளத்தின் கனவளவை
எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன்.
ஒன்று எனக்குள்ளேயே
குறைந்துகொண்டு இருந்திருக்கிறது.

மயக்கும்போது எண்ணச் சொன்னார்கள்.
முதன்மை எண்களை எண்ணினேன்.
பதின்மூன்றைத் தாண்டினேனோ தெரியாது.

திரும்பும்போது விமான நிலையத்தில்
கதவு கத்தியது.
"உள்ள என்னம்மா?"
தோள்.
"கையைத் தூக்குங்க."
சாவடிகளுக்குள் வளர்ந்த உடம்பு இது.
தூக்கு என்றால் தூக்கித்தான் பழக்கம்,
யார் சொன்னாலும், எந்தப் பாஷையில் சொன்னாலும்.
வாழ்க்கையில் முதல்தரம்
"ஏலாது" என்றேன்.
கதிரை எடுத்துத் தந்தார்கள்.
இருந்து கொஞ்சம் அழுதேன்.
நோவென்று நினைத்துத் தண்ணீரும் தந்தார்கள்.

உவர்மலை வீட்டுச் சுவரில் இப்போது
விரல்களால் ஏறுகிறேன்.
ஏறிய இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி.
ஒன்பதாம் நாள் சுவிட்ச்.
நடுவில் நாலு நாள் ஒரே கோட்டின் மேல் நாலு கோடு.
நாற்பதில் கலண்டர் ஆணி.
பலகையின் மேல்விளிம்பு
இன்னும் ஒரு சாண் தூரம், ஒரு தவணை தூரம்.

இன்று காலை கேற்றுக்குள் மான் ஒன்று,
செவ்வரத்தையைச் சப்பிக்கொண்டு.
"அங்கால போ!" என்று கையை ஓங்கினேன்.
எந்தக் கை என்று
பிறகுதான் பார்த்தேன்.

மான் போகவில்லை.
அடுத்த பூவைக் கடித்தது.