பொதுமனு

அனுப்புநர்: ஆ. இருதயமேரி,
ராம்நகர், தேவகோட்டை.
பெறுநர்: கோட்டாட்சியர் என்று எழுதி
அடித்துவிட்டேன்.
இது அவர் மேசையில் தீராது,
சென்னைக் கோட்டைக்கே போகவேண்டும்.

பதினாறு வருஷம் இந்த அலுவலக வாசலில்
ஊருக்கு மனு எழுதினேன்.
பட்டா மாறுதல், வாரிசுச் சான்று,
கண்மாய் ஆக்கிரமிப்பு.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்.
'கருணை கூர்ந்து' இல்லாமல் ஒரு தாளும்
என் கையைவிட்டுப் போனதில்லை.

இதில் அந்தச் சொல் வராது.

பொருள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.
எட்டிப் பார்த்த கிளார்க் சொன்னார்,
"பக்கவாதம்னு போடும்மா, படிக்கிறவனுக்குப் புரியும்."
இல்லை சார்.
இது வரும், போகும்.
போகையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகும்.
போன ஆடியில் வலது கண்.
பார்வை திரும்பியது,
சிவப்பு மட்டும் இன்னும் சிவப்பாகவில்லை.

மருத்துவக் குழு முன் நின்றது
ஒரு நல்ல நாளில்.
நடந்து போனேன். முப்பத்தைந்து சதவீதம் என்றார்கள்.
திரும்புகையில் சித்திரை வெயில்;
பேருந்து நிலையம் வருமுன்
கால் இரண்டும் வேறு யாருடையவோ ஆயின.
அதற்கு எத்தனை சதவீதம்?
கேட்க யாருமில்லை, இளநீர்க்காரரைத் தவிர.

விழுந்தபோது மதுரையில் படுக்கை தந்தார்கள்,
குறை சொல்லமாட்டேன்.
விழாதிருக்கும் ஊசிக்குத்தான்
"ஸ்டாக் இல்லை, வெளியே வாங்குங்க."
கணக்குப் பார்த்தேன்:
ஒரு மாத ஊசி நானூறு மனு.
கை நடுங்காத காலத்திலேயே
நாளுக்குப் பத்துதான் எழுதுவேன்.

கண்டனூர் நாச்சம்மை நகை விற்று
மூன்று வருஷம் ஊசி போட்டாள்.
வருமானச் சான்று கேட்டால்
வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
அந்த வீட்டில் பதினேழு பங்கு;
அவளுக்கு ஒரு அறை, அதன் சாவி.
புதுவயல் ஆலையில் மூட்டை சுமந்த ஜெய்லானிக்கு
இப்போது தண்ணீர்க்குடம் தூக்க மகன்,
பள்ளிக்கூட நேரத்தில்.

ஆகவே கேட்கிறோம்.
மாதம் தவறாமல் ஊசிக்கு நிதி.
நல்ல நாளை வைத்து அளக்காத சான்று.
காரைக்குடியில், மாதம் ஒருநாளாவது,
ஒரு நரம்பு மருத்துவர்.
காத்திருக்க நிழலில் ஒரு பெஞ்சு.
(கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னாள் நாச்சம்மை,
சின்ன விஷயமாம்.
அவள் காத்திருந்து பார்த்ததில்லை.)

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று
போன வாரம் வங்கி என் செக்கைத் திருப்பியது.
மை டப்பா இருக்கிறது.
ஊரார் கட்டைவிரல் எத்தனையோ
பிடித்து உருட்டிய டப்பா.
ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடுகிறோம்,
ஆட்டோ கிடைத்தால்.

இடம்: தேவகோட்டை.
நாள்: