முதலில் உலரும் இடம்

தேவசகாயம் அண்ணன் திரையைப் பார்த்துக் கேட்டார்:
"இந்த எடத்துல நான் செத்துட்டேனா?"
கோடு படுத்திருந்தது. ஆறாவது கொண்டை ஊசி வளைவு.
ஒன்பது நொடி கழித்து எழுந்து
ஒன்றுமே நடக்காததுபோல் துடித்தது.
"இல்லண்ணே, செத்தது போர்டு."
டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினார்,
நம்பாத தலையாட்டல்.

சிவதாபுரம். கொலுசுப் பட்டறைக்கு மேல் மாடி.
கீழே மெருகு மோட்டார் ஓடினால்
மேலே என் அலைகளில் ஐம்பது ஹெர்ட்ஸ் முள் முளைக்கும்.
அதைப் பிடுங்கக் கற்றிருந்தேன்.
இது முள் இல்லை, பள்ளம்.

முதலில் பேட்டரிமேல் பழி போட்டேன்.
மேசையில் மூன்று புள்ளி எட்டு,
சுமை ஏற்றினாலும் மூன்று புள்ளி ஏழு,
அசையாமல் நின்றது.
ஸ்விட்சை மாற்றினேன்.
சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்குமோ என்று
கனெக்டரை முப்பது தடவை கழற்றி மாட்டியதில்
அது தளர்ந்தது. புதுக் கோளாறு ஒன்று, என் கணக்கில்.
மீட்டர் முனையை வைத்தால் எல்லாம் சரி,
டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகும் பல்வலி.
அவர் கையில் கட்டி பஸ் ஏற்றினால்
மலையில் சாகிறது.

செவ்வாய்க்கிழமை. மின்வாரியப் பராமரிப்பு,
ஒன்பது முதல் ஐந்து வரை.
கரண்ட் இல்லாத அறையில்
ஜன்னலோரம் காகிதத்தை விரித்து
கரண்ட் போன இடங்களைக் குறித்தேன்.

ஏறும்போது: ஆறு, எட்டு, பத்து, பதினான்கு.
இறங்கும்போது: பதினேழு, பதினொன்று, ஒன்பது, மூன்று.

பேனாவை வைத்துவிட்டு
காற்றில் ஒரு ஸ்டியரிங் பிடித்தேன்.
வலப்பக்கம் ஒடித்தேன். இன்னொரு தடவை.
முழங்கைக்குக் கீழே தசை திரண்டு
சட்டைக் கையை இறுக்கியது.

வலது வளைவு. வலது கை.
வார் இழுக்க, போர்டு வளைகிறது,
மயிரிழை அளவு.

கட்டை விரலால் நானே வளைத்தேன்:
மூன்று புள்ளி மூன்று,
ஒன்று புள்ளி நான்கு,
விட்டதும் மூன்று புள்ளி மூன்று.

சரி, எது? நாற்பத்தொரு கெபாசிட்டர்,
ஒவ்வொன்றும் கேழ்வரகில் பாதி,
ஒரே லைனில் கைகோத்து நிற்பவை.
ஒன்று கசிந்தால் அத்தனையும் கசிவதாக
மீட்டர் சாட்சி சொல்லும்.
கீழே போய் மாதேசனிடம் பூதக்கண்ணாடி வாங்கி வந்தேன்,
விளிம்பில் வெள்ளிப் பொடி.
விரிசல் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஸ்பிரிட்.
வளைத்தபடியே கிளிப் போட்டு, பேட்டரி கொடுத்து,
போர்டு முழுக்க ஊற்றிவிட்டு
கண் இமைக்காமல் உட்கார்ந்தேன்.
சீரான ஈரம்.
பச்சை மினுங்கிக்கொண்டிருந்தது.
பிறகு ஓரமாக, திருகாணிக்குப் பக்கத்தில்,
ஒரு பொட்டு மட்டும்
அவசரமாகக் காய்ந்தது.

சி பதினெட்டு.

அதைத் திருகாணிக்கு அருகில் வைத்து வரைந்தது நான்.
ஜூலையில், கழன்றுவிடக் கூடாதே என்று
இன்னும் அரைச்சுற்று இறுக்கியதும் நான்.
பீங்கான் அன்றைக்கே விண்டிருக்கும்.
சத்தம் வந்திருந்தாலும்
கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

பழுது தெரிந்துவிட்டது, பற்றவைக்கக் கரண்ட் இல்லை.
ஐந்து இருபதுக்கு வந்தது.
புதியதைத் தள்ளி, திசை திருப்பி வைத்தேன்.
திருகாணிக்கு அடியில் ரப்பர் வளையம்.

புதன். முதல் ட்ரிப்.
அவருக்குப் பின் சீட்டில் மடிக்கணினியோடு நான்.
ஆறு. இருக்கிறது.
எட்டு. பத்து. இருக்கிறது, இருக்கிறது.
கண்ணாடிக்கு வெளியே மேகம் சாலையில் இறங்கியிருந்தது.
பதினான்கில், ஹார்ன் இல்லாமல்,
சில்வர் ஓக் ஏற்றிய லாரி.
அவர் முழுக் கையால் ஒடித்தார்.
பஸ் மொத்தமும் "யய்யா" என்றது.
கோடு எகிறியது, எகிறி எகிறித் துடித்தது,
ஒரு துடிப்பும் விடுபடாமல்.
நான் லாரியைப் பார்க்கவே இல்லை.

ஏற்காடு ஸ்டாண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.
"இன்னிக்கு?"
"பதினாலுல நூத்தி முப்பத்தொண்ணு போச்சுண்ணே."
"அப்ப இருந்திருக்கேன்" என்றார்.
ரெண்டு டீ சொன்னார்.
வாரைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார்,
ரெண்டு வாரமாய் அரிக்கிறதாம்.