கேட்டது

எங்கள் வீட்டைச் சோதிக்க ஒரு கையெழுத்து போதும்.
என்னுடையது.
அடுப்பு மேடையில் தாளை வைத்துப் போட்டேன்.

சார்ஜன்ட் ஷேஸி தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
சோளமாவு டின்னுக்குள் கை விட்டார்கள்,
மெத்தையைப் புரட்டினார்கள்,
சாமிப் படங்களுக்குப் பின்னால்கூட டார்ச் அடித்தார்கள்.
பூபாலன் காணாமல் போன மூன்றாம் நாள்
தம்பி என்னிடம் மறைத்ததெல்லாம்
படுக்கை விரிப்பின் மேல் கிடந்தது:
அடகுச் சீட்டு, என் வளையலுடையது.
யாருக்கோ வாங்கிய கம்மல், ஒன்றுதான்.
சிவப்பு நூல் கட்டிய சாவி.

இரண்டு தெரு தள்ளி, டெனிஸ் படையாச்சியின் கராஜ்.
ஆள் ஜோபர்க் போயிருக்கிறாராம், ஃபோன் எடுக்கவில்லை.
பூட்டுக்குள் சாவி நுழைந்தது.
சார்ஜன்ட் திருப்பவில்லை.
"சொந்தக்காரர் சம்மதிக்கணும்.
இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டின் தாள்."
வெள்ளிக்கிழமை, நாலரை மணி.
திங்கள் விடுமுறை.

"உள்ளே ஓர் உயிர் ஆபத்தில் இருப்பதாக
நம்புவதற்கு எனக்குக் காரணம் இருந்தால்"
என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.
மீதியை அவர் சொல்லக்கூடாது போல.

ஷட்டரில் காதை வைத்தேன். சுடும் தகரம்.
டோங்காட் ரோட்டில் டாக்சிக்காரன் ஹார்ன்,
எங்கோ ஒரு நாய்,
என் காதுக்குள் என் ரத்தம்.
அவ்வளவுதான்.

"முனகுகிற சத்தம் கேட்குது" என்றேன்.

என்னைப் பார்த்தார். நெடுநேரம்.
பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.
நாலு முப்பத்தேழு என்று எழுதினார்,
எழுதிய பின்தான் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் இல்லாத ஒரு கிரெசிடா.
காய்ந்துபோன பிரஷ். ஒரு கடைப்பலகை,
டயர் படம் வரைந்து,
தம்பி பெயர் எழுதி, அதற்குப் பின் 'அன்ட்' என்பதோடு
நின்றுவிட்டிருந்தது பெயின்ட்.
தரையில் எண்ணெய். ஆள் இல்லை.
என்னோடு வந்த இளம் கான்ஸ்டபிள்
ஏனோ கார் டிக்கியை இரண்டு முறை திறந்து மூடினான்.

பதினோரு வாரம்.
படையாச்சி வக்கீல் வைத்திருக்கிறார்.
பூபாலனைப் பற்றி ஃபைலில் இருக்கும் கடைசிச் செய்தி
இன்னும் அந்த முனகல்தான்.
கரும்பு எரிக்கும் புகை இறங்குகிற இரவுகளில்
நான் சொன்ன பொய்
மெதுவாக மூச்சு விடுகிறது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன்,
அதை அடித்துவிடுங்கள் என்று சொல்ல.
ஷேஸி பேனாவை மூடினார்.
"இருக்கட்டும்மா. எனக்கும் கேட்டது."

சாவியைத் தரவில்லை.
எண் எழுதிய பிளாஸ்டிக் பையில்
சிவப்பு நூல் மட்டும் வெளியே தெரிந்தது.