பத்து மைக்ரோசெக்கன்

கொக்குவிலில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி.
கீழே ரியூப் ஒட்டுகிற பசை வாசம்.
மேலே நான், கஜீபன் அனுப்பிய திருத்தத்தை
மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன வேலை பிள்ளை என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.
"றைவர் சரி பார்க்கிறது" என்றேன்.
"மினிபஸ்ஸோ?" என்றார்.
கேர்னல் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
அந்த ஒலிக்கு இந்த ஊரில் வேறு சீருடை உண்டு.

படகில் பூட்டுகிற ஆழமானி இது.
கடலடிக்கு ஓர் ஒலியை அனுப்பி
அது திரும்புகிற நேரத்தை எண்ணும் சில்லு.
எண்ணி முடிந்ததும் இயங்குதளத்தின் தோளில் தட்டும்.
தட்டினால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு
சொன்னதை வாங்கி வைத்து உடனே விலக வேண்டும்.
குறுக்கீட்டுக்குள் உறங்கக் கூடாது.
கையில் பூட்டை வைத்துக்கொண்டு கண்ணயரக் கூடாது.
எங்களுக்கு ஏற்கெனவே பழகிய விதிதான்,
இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

கஜீபன் வடிவாக எழுதுகிறவன்.
நாற்பத்தொரு வரி சிவப்பில் கழித்து
பன்னிரண்டு வரி பச்சையில் கூட்டியிருக்கிறான்.
பிழைத்துப்போய் வெளியேறும் வழியிலும்
மறக்காமல் பூட்டைத் திறந்திருக்கிறான்.
கடன் வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.
"துப்பரவாக்கல் மட்டும்தான் அக்கா" என்று குறிப்பு.
துப்பரவாக்கல் என்ற சொல்லைக் கண்டால்
நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன்.

நூற்றுப் பதினேழாம் வரி, சிவப்பில்:
பத்து மைக்ரோசெக்கன் பொறு.
ஏன் என்று ஒரு சொல் இல்லை.
"இது தேவையில்லை, எடுத்தும் வேலை செய்யுது" என்கிறான்.

எந்த விசரன் எழுதினது என்று வரலாற்றைத் திறந்தேன்.
ஆறு வருடத்துக்கு முந்திய மார்கழி,
விடியப்புறம் மூன்று பத்து,
என் பெயர்.

ஏன் பொறுத்தேன்?
திரையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய பலகையைக் கொளுவி
அவனுடைய திருத்தத்தை ஏற்றி
ஆயிரம் தரம் அணைத்து ஆயிரம் தரம் எழுப்பு என்று விட்டுவிட்டு
பாண் வாங்கப் போனேன்.
வந்து பார்க்க, முந்நூற்றுப் பதினொன்று வரை ஒழுங்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
ஆழம்: பூச்சியம்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.
குருநகர் எமிலியாம்பிள்ளை, காற்று இரைகிற ஒரு தொலைபேசியில்:
"தங்கச்சி, உன்ர பெட்டி
நடுக்கடலில நிண்டு கரை எண்டுது."

பழைய சில்லு கண்ணைத் திறந்தாலும்
கொஞ்சநேரம் கனவிலேயே இருக்கும்.
அந்த நேரம் பார்த்துக் கேட்டால் எதையாவது சொல்லும்.
கஜீபனின் மேசையில் இருப்பது புதுச் சில்லு.
கடலில் இருப்பது இன்னமும் பழையது.

"ஏற்க முடியாது" என்று தட்டினேன். அழித்தேன்.
"ஏன் எடுத்தனி" என்று தட்டினேன். அதையும் அழித்தேன்.
காரணம் எழுதாத வரி
அடுத்தவன் கண்ணுக்குக் குப்பைதான்.
கூட்டித் தள்ளினவனில் என்ன பிழை?

கடைசியில் இப்படி எழுதினேன்:
மற்றதெல்லாம் சரி. 117ஐத் திருப்பி வை.
அதற்கு மேலே இந்தக் குறிப்பையும் போடு:
பழைய சில்லு எழும்ப நேரமெடுக்கும்.
பொறுக்காவிட்டால் நடுக்கடல் கரையாகும்.
இரண்டாவது வசனம் கொஞ்சம் கூடிப்போச்சோ என்று யோசித்து
அப்படியே விட்டேன்.

கரன்ற் ஒருதரம் போய் வந்தது.
கீழே ஷட்டர் இறங்குகிற சத்தம்.
அதற்குள் கஜீபனின் பதில்:
"ஓம் அக்கா, விளங்குது.
ஆனா ஏன் பத்து?
ஏழு காணாதோ?"

பாணைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு
பலகையை மறுபடி கொளுவினேன்.